கயிறு யார் கையில்?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகவாவது பார்த்திருப்பீர்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். யாரோ லாரி லாரியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிராவில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம்ம செஞ்சி.

நல்ல விஷயம்தான். ஆனால் ‘மராட்டியர் கோட்டை’ என்றதும் கொஞ்சம் இடிக்கிறது, இல்லையா? முதலில் கோட்டை எழுப்பியவர்கள் கோனார்கள் என்று உள்ளூரில் சொல்வார்கள். பிறகு விஜயநகரத்து நாயக்கர்கள். அடுத்து பீஜப்பூர் சுல்தான். 1677-ல் சிவாஜி. 1698-ல் எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு ஔரங்கசீப்பின் படை. 1714-ல் தேசிங்கு ராஜா செத்த பிறகு ஆற்காட்டு நவாப். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள். 1761-ல் இங்கிலீஷ்காரர்கள். 1780-ல் ஹைதர் அலி. கடைசியில் மறுபடி இங்கிலீஷ்காரர்கள்.

அந்த மலை உச்சியில் எத்தனை கொடிகள் ஏறி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு நிறம், ஒரு சின்னம், அதற்கு ஒரு பெருமை. கீழே வயலில் நெல் அறுத்துக்கொண்டிருந்தவரிடம், “ஐயா, இந்தக் கொடி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?” என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கொடி மாறினால் வரியை யாரிடம் கட்டுவது என்பது மாறும். அவருக்கு அவ்வளவுதான்.

1947-ல் ஒரு கொடி வந்தது. இந்தக் கொடி மட்டும் வேறு ஜாதி என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். எந்த விதத்தில் வேறு என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

‘நிறத்தில்’ என்று பதில் சொல்வீர்கள். அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

காவி தியாகம், வெள்ளை சமாதானம், பச்சை செழுமை என்று மூன்றாம் வகுப்பில் ஒப்பிக்க வைத்தார்கள், இல்லையா? அந்த அர்த்தங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 1921-ல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா கொடியை வடிவமைத்து காந்தியிடம் காட்டிய காலத்தில், சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்ற எல்லோருக்கும் என்று அர்த்தம். நடுவில் ராட்டை. மதத்துக்கு ஒரு பட்டை என்று துணியைப் பங்கு போட ஆரம்பித்தால் சண்டைதானே வரும்? வந்தது. அதனால் 1931-ல் காங்கிரஸ் சிவப்பைக் காவியாக்கி, நிறங்களுக்கு மதத்தோடு சம்பந்தமே கிடையாது, அவை குணங்களைத்தான் குறிக்கின்றன என்று தீர்மானம் போட்டது. 1947 ஜூலை 22-ல் அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது ராட்டை போய் அசோகச் சக்கரம் வந்தது. காந்திக்கு அதில் வருத்தம். ராதாகிருஷ்ணன் எழுந்து நிறங்களுக்கும் சக்கரத்துக்கும் புதிதாக ஒரு விளக்கம் சொன்னார்.

ஆக, இருபத்தாறு வருடத்துக்குள் ஒரே கொடிக்கு மூன்று பொழிப்புரை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிறத்துக்கு அர்த்தம் என்பது நாம் கொடுப்பது. வேண்டும்போது மாற்றிக்கொள்ளக் கூடியது. அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் தேசபக்தி வந்துவிடாது என்கிறேன், அவ்வளவே.

அப்படியானால் கொடியின் அர்த்தம் எங்கே இருக்கிறது?

கொஞ்சம் கடல் தாண்டி வாருங்கள். 1750-ல் செஞ்சியில் ஏறிய பிரெஞ்சுக் கொடி வெள்ளை. அந்த நாட்டு ராஜாவின் நிறம் அது. அதே காலத்தில் அதே ராஜாவின் கொடி கரீபியன் கடலில் ஒரு தீவின் மேற்குப் பகுதியிலும் பறந்துகொண்டிருந்தது. இடத்தின் பெயர் சான் டொமிங். ஐரோப்பா குடித்த காபிக்கும் போட்ட சர்க்கரைக்கும் பெரும் பங்கு அங்கிருந்து போனது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் ஐந்து லட்சம் பேர் கரும்பு வெட்டினார்கள்.

பிறகு பிரான்ஸில் புரட்சி நடந்தது. ராஜா தலை போனது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூவர்ணக் கொடி வந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றார்கள். சான் டொமிங் அடிமைகள் 1791-ல் கிளர்ந்தெழுந்தார்கள். 1794-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் நெப்போலியன் வந்ததும், 1802-ல், பழையபடி விலங்கை மாட்டப் படை அனுப்பினார். அந்தப் படை எந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு கரையிறங்கியது தெரியுமா? அதே சமத்துவ மூவர்ணக் கொடியைத்தான்!

1803 மே 18. அர்க்காயே என்ற ஊர். அடிமையாகப் பிறந்து தளபதியாக உயர்ந்த தெஸ்ஸலின், பிரெஞ்சுக் கொடியை எடுத்து நடுவில் இருந்த வெள்ளைப் பட்டையைக் கிழித்து எறிந்தார். மிச்சமிருந்த நீலத்தையும் சிவப்பையும் கேத்தரின் ஃப்ளோன் என்ற பெண் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார். ஹைத்தி மக்கள் இன்றும் இப்படித்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். மே 18 அவர்களுக்குக் கொடி நாள். 1804 ஜனவரி 1-ல் ஹைத்தி விடுதலை அடைந்தது. அடிமைகள் தாங்களே ஜெயித்து உருவாக்கிய நாடு.

வெள்ளையைக் கிழித்தது வெள்ளைக்கார எஜமானனைக் கிழித்தது என்று அர்த்தம் சொல்வார்கள். மிச்சமிருந்த இரண்டு நிறமும் கறுப்பின மக்களும் கலப்பின மக்களும் என்பார்கள். சொல்லட்டும். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது நிறமே இல்லை. அதுவரை கொடியை அண்ணாந்து மட்டுமே பார்த்து வந்த ஒரு கூட்டம், முதல் தடவையாக அதைக் கையில் பிடித்தது. கிழிக்கவும் தைக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்றது. அதுதான் விடுதலை.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதையும் இருக்கிறது. 1957-ல் டுவாலியே என்று ஒரு டாக்டர் ஹைத்தியில் ஆட்சிக்கு வந்தார். கறுப்பு மக்களின் காவலன் நான்தான் என்றார். 1964-ல் கொடியிலிருந்த நீலத்தை எடுத்துவிட்டுக் கறுப்பைப் போட்டார். ‘நம்ம நிறம் கொடியில் ஏறிவிட்டது’ என்று பெருமைப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். கொடியில் ஏறிய அதே கறுப்பு மக்களை அவருடைய அடியாள் படை ராத்திரியில் வந்து இழுத்துக்கொண்டு போனது. அவருக்குப் பிறகு மகன். 1986-ல் மகன் நாட்டை விட்டு ஓடியதும் மக்கள் முதல் வேலையாகப் பழைய நீலத்தையும் சிவப்பையும் மீண்டும் ஏற்றினார்கள்.

நிறம் உங்களுடையதாக இருந்து, கயிறு இன்னொருத்தர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம்.

2020 ஆகஸ்ட் 15. திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கம். ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண்மணி. மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்தவர். அவரைக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். பிறகு வர வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அதே வருடம் குடியரசு தினத்தன்றும் அவர் ஏற்றவில்லை. செய்தி வெளியே வந்து நாடே பார்த்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் வந்து நிற்க, அவர் கொடியேற்றினார்.

ஐந்து நாள் தாமதமாக வந்த சுதந்திர தினம்!

சரி, எங்கோ ஓர் ஊரில் நடந்தது என்று விட்டுவிடலாமா? 2022-ல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஓர் ஆய்வு நடத்தியது. இருபது ஊராட்சிகளில் தலித் தலைவர்களால் தேசியக் கொடியை ஏற்ற முடியவில்லை என்று தெரியவந்தது. வேறு சில இடங்களில் உட்கார நாற்காலியே இல்லை. தலைவர் பெயரைப் பலகையில் எழுதவில்லை. அந்த ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதினார்: சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. விடுதலை கிடைத்து எழுபத்தைந்து வருடம் ஆன கொண்டாட்டத்தில், ஒரு தலைமைச் செயலாளர் இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அப்படியும் கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தத்தில் ஊராட்சித் தலைவர் கொடியேற்றப் போலீஸ் பந்தோபஸ்து தேவைப்பட்டது.

அதே 2022 ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு மூவர்ணக் கொடி ஏற்றச் சொன்னது மத்திய அரசு. கதர்தான் வேண்டும் என்ற விதியை 2021 டிசம்பரிலேயே தளர்த்தி, பாலியஸ்டரும் மெஷின் தையலும் ஓகே என்று ஆக்கியிருந்தார்கள். ராத்திரியிலும் பறக்கலாம் என்று 2022-ல் திருத்தினார்கள். மொட்டை மாடியில், கார் பானட்டில், செல்போன் முகப்பில் எல்லாம் கொடி. நல்லது. கொடி நமக்கெல்லாம் சொந்தம் என்று 2004-லேயே சுப்ரீம் கோர்ட், நவீன் ஜிண்டால் வழக்கில் சொல்லிவிட்டதே. கௌரவமாகக் கொடி பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்றது. தொழிலதிபர் தன் ஃபேக்டரியில் கொடி ஏற்ற உரிமை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். அமிர்தம் தன் சொந்த ஊரில், சொந்தப் பதவியில் ஏற்ற வேண்டிய கொடிக்குக் கலெக்டர் வர வேண்டியிருந்தது.

எனக்கு நீண்ட நாள் புரியாமல் இருந்த ஒரு விஷயம் உண்டு. தலித் தலைவர் கையெழுத்துப் போடலாம். ரோடு டெண்டரில் அவர் கையெழுத்துக்காகக் காத்துக்கிடப்பார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் அவரைத்தான் திட்டுவார்கள். இதெல்லாம் ஆதிக்க சாதிக்காரருக்கு உறுத்தவில்லை. ஆனால், கொடிக் கயிற்றை இழுக்க இரண்டு நிமிஷம் போனால் மட்டும் ஊர் கொந்தளிக்கிறது. ஏன்?

இதற்கு விடை சொல்ல மேல்மலையனூர் போக வேண்டும். செஞ்சியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். அமாவாசை ராத்திரி என்றால் நிற்க இடம் கிடைக்காது. அங்காளம்மனுக்கு மாசி மாதம் மகா சிவராத்திரி அன்று கொடியேற்றம். மறுநாள் மயானக் கொள்ளை. அப்புறம் தேர். அம்மனுக்குப் பூஜை செய்கிற உரிமை பருவதராஜ குலத்து மீனவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சாமியைத் தொட ஒரு குறிப்பிட்ட சாதியில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு மலையனூரே பதில். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தச் சாதியிடம் இருந்தாலும் கோயில் உரிமை பரம்பரையாக வருவது. அப்பா, பிள்ளை, பேரன். நம் கிராமங்களில் ‘கொடியேற்றம்’ என்றாலே காதில் விழுவது கோயில் கொடியேற்றம்தான். கொடிமரம், அதற்குப் பூஜை, ஊர்ப் பெரியவருக்குப் பரிவட்டம், முதல் மரியாதை. யாருக்கு முதல் விபூதி, யாருக்கு முதல் வெற்றிலை பாக்கு என்பதற்காக எத்தனை ஊரில் தேர் நின்று போயிருக்கிறது, உங்களுக்குத் தெரியும்.

தேசியக் கொடி கிராமத்துக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் அதையும் முதல் மரியாதைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கையெழுத்து என்பது வேலை. அது நாலு சுவருக்குள் நடப்பது. கொடி ஏற்றுவது மரியாதை. ஊர் கூடி அண்ணாந்து பார்க்கும்போது நடப்பது. அவர் கயிற்றை இழுக்க, நாம் கீழே நின்று சல்யூட் அடிப்பதா என்பதுதான் கோபம். சல்யூட் கொடிக்குத்தான், ஆளுக்கு இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தாலும் முதுகு வளைய மாட்டேன் என்கிறது.

குடியரசின் கொடி அந்தப் பரம்பரைக் கணக்குக்கு நேர் எதிரானது. அதற்குப் பூர்வீகக் குடும்பம் கிடையாது. கயிறு இந்த முறை ஒருவர் கையில், அடுத்த முறை ஓட்டு யாருக்கு விழுகிறதோ அவர் கையில். செஞ்சி மலையில் ஏறி இறங்கிய அத்தனை கொடிகளிலிருந்தும் மூவர்ணக் கொடி வேறுபடுகிறது என்றால் இந்த ஒரு விஷயத்தில்தான். இதை எடுத்துவிட்டால் அதுவும் இன்னொரு ராஜா கொடிதான்.

இந்தக் கொள்கையை இந்தியாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே தமிழ்நாடுதான் என்பதை மறந்துவிட்டோம். 1974 வரை சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரங்களில் கொடியேற்றியவர்கள் கவர்னர்கள். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் பக்கத்தில் நிற்பார். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது மாநிலத்தில் ஏன் முதலமைச்சர் ஏற்றக் கூடாது என்று கருணாநிதி இந்திரா காந்திக்கு எழுதினார். ஒப்புக்கொண்டார்கள். 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். ஆகஸ்ட் 15 முதலமைச்சருக்கு, ஜனவரி 26 கவர்னருக்கு என்று ஆனது அப்போதுதான்.

அன்றைக்குக் கோட்டையில் அந்தக் கயிறு கருணாநிதி என்ற தனி மனிதருக்காகக் கைமாறவில்லை. நியமனத்தில் வந்தவரிடமிருந்து ஓட்டில் வந்தவர் கைக்கு மாறியது. அதே கோட்டையில், 1932 ஜனவரி 26 விடிவதற்குள் ஆர்யா என்கிற பாஷ்யம், சுமார் 150 அடி உயரக் கம்பத்தில் ஏறி யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு மூவர்ணத்தைக் கட்டினார். பின்னாளில் நமக்கெல்லாம் தெரிந்த முண்டாசு பாரதி படத்தை வரைந்தவர் அவர்தான். அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் திருப்பூரில் குமரன் அடி வாங்கிச் செத்தும் கொடியை விடவில்லை. கவர்னரிடமிருந்து முதலமைச்சருக்குக் கயிற்றை வாங்கிக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, ஊராட்சி ஆபீஸ் வாசலில் இருக்கிற பத்தடிக் கம்பத்தில் அதைச் செய்ய ஏன் கை வரவில்லை?

“ஸார், எல்லாம் மாறிடுச்சு. நீங்க பழைய கதையைக் கிளறாதீங்க” என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.

மாறியிருக்கிறது. மறுக்கவில்லை. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் துணிந்து நின்று ஜெயித்த முருகேசனை, 1997 ஜூன் 30 அன்று, கூட இருந்த ஐந்து பேரோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருடம் தேர்தலையே ஒழுங்காக நடத்த விடவில்லை. 2006-ல்தான் நடந்தது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். அன்றைக்கு உயிரை எடுத்தார்கள், இன்றைக்குக் கயிற்றை மட்டும் பிடுங்குகிறார்கள், முன்னேற்றம்தான் என்று மகிழ்ச்சி அடையச் சொல்கிறீர்களா?

“அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க ஸார். பெரியவர் ஏத்தட்டும்னு விட்டுக்கொடுத்துட்டாங்க.” இது அடுத்த சமாதானம். நாளைக்கு அதே பெரியவர் வயலில்தான் நடவுக்குப் போக வேண்டும், அவர் தெரு வழியாகத்தான் பிள்ளை ஸ்கூலுக்குப் போக வேண்டும் என்கிற நிலையில் ஒருவர் ‘விட்டுக்கொடுப்பது’ பெருந்தன்மை இல்லை. பயம். முதலமைச்சர் பெருந்தன்மையாக ஓர் ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு, “நீங்களே கோட்டையில் ஏத்திடுங்க” என்று சொல்வாரா? சொன்னால் விடுவோமா?

“யார் ஏத்தினா என்ன, கொடி பறந்தா சரி.” இது மூன்றாவது. யார் ஏற்றினாலும் ஒன்றுதான் என்றால் அவரே ஏற்றட்டுமே! இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அந்த முடிவுக்கு மட்டும் வருவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கொடியை எரித்தாலோ கிழித்தாலோ 1971-ம் வருடச் சட்டப்படி மூன்று வருடம் வரை ஜெயில். தலித் ஊராட்சித் தலைவரை அவர் வேலையைச் செய்யவிடாமல் தடுத்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். 2015 திருத்தத்தில் அதைத் தெளிவாகவே சேர்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை தண்டனை. கொடி தலைகீழாகப் பறந்தால் அரை மணி நேரத்தில் ஊரெல்லாம் தெரிகிறது. கொடி நேராகத்தான் பறக்கிறது, ஏற்ற வேண்டியவர் கூட்டத்தில் ஓரமாக நிற்கிறார் என்றால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய அவமதிப்பு.

என்ன செய்யலாம்?

கலெக்டர் ஆகஸ்ட் 20-ம் தேதி வருவதற்குப் பதிலாக ஆகஸ்ட் 10-ம் தேதி கேட்கட்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் கொடியேற்றப் போகிறவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி ஊராட்சி ஆபீஸ் வாசலில் ஒட்டட்டும். ஏற்றி முடித்ததும் போட்டோவோடு பதிவு செய்யட்டும். ரேஷன் கடையில் அரிசி வாங்கக் கைரேகை வைக்கிற காலத்தில் இது ஒரு பெரிய காரியமா? தடுத்தார்கள் என்றால் சமாதானக் கூட்டம் போடாமல் வழக்குப் போடட்டும்.

தேர்ந்தெடுத்த தலைவரே இல்லாமல் ஊராட்சிகளைத் தனி அலுவலர் கையில் விட்டுவைப்பதும் இதே குற்றத்தின் இன்னொரு வகைதான். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. காலாகாலத்தில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களைப் போட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டில் வந்தவர் கையிலிருந்து கயிறு மறுபடி நியமனத்தில் வந்தவர் கைக்குப் போய்விடுகிறது. 1974-ல் கேட்டு வாங்கியதை நாமே திருப்பிக் கொடுக்கலாமா?

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ அபார்ட்மென்ட் வாசலில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புகிறீர்கள் அல்லவா? ஒரே ஒரு வருடம் சொந்த ஊருக்குப் போங்கள். மலையனூருக்கு அமாவாசை தவறாமல் போகிறவர்கள், ஒரு ஆகஸ்ட் 15-ம் சேர்த்துப் போகலாம். காலையில் ஊராட்சி ஆபீஸ் முன்னால் நில்லுங்கள். அன்றைக்கே கிராம சபையும் உண்டு, அதிலும் உட்காருங்கள். தலைவர் வந்திருக்கிறாரா, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா, கயிற்றை அவர்தான் இழுக்கிறாரா என்று பாருங்கள். இல்லை என்றால் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “ஏன், தலைவர் ஏத்தலையா?” என்று கேளுங்கள். வெளியூரில் வேலை பார்க்கிற உங்களுக்கு அந்த ஊரில் யார் தயவும் வேண்டியதில்லை. கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிறவர் நீங்கள்தான்.

காவிக்கு என்ன அர்த்தம், பச்சைக்கு என்ன அர்த்தம் என்று குழந்தைகளுக்கு அப்புறம் சொல்லிக் கொடுக்கலாம். கொடிக் கம்பத்தின் கீழே நிற்பவர் யார், அவரை அங்கே நிறுத்தியது யார் ஓட்டு என்பதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.